ஊடக நிறுவனத்தில் சேரும் முன், உள்ளே இருந்தவர்கள் சொல்வதை எப்படிப் படிப்பது

கையில் ஆஃபர் லெட்டர் இருக்கிறது, அல்லது இன்றைக்கோ நாளைக்கோ வந்துவிடும். சேனலோ, பத்திரிகையோ, டிஜிட்டல் தளமோ, பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் தெரிகிற இடம். எதற்கும் பார்த்துவிடுவோம் என்று ஊழியர்கள் ரிவ்யூ எழுதும் தளத்தைத் திறந்தால் முதல் ஆள் "கற்றுக்கொள்ள அருமையான இடம்" என்கிறார், அடுத்த ஆள் "இந்தப் பக்கமே வராதீர்கள்" என்கிறார். பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும்.

ஏனென்றால் ஊடக நிறுவனத்துக்கு ஒரே கலாசாரம் என்று ஒன்று கிடையாது. விளம்பரப் பிரிவு மாதக் கடைசியில் பதறும், நியூஸ் டெஸ்க் மணிக்கு ஒரு முறை பதறும், நிகழ்ச்சித் தயாரிப்பில் இருப்பவர்களுக்கு ஷூட்டிங் நாள் ஒரு வாழ்க்கை, மற்ற நாள் ஒரு வாழ்க்கை. ஒரே டெஸ்க்கில்கூட காலை ஷிஃப்ட் எடிட்டர் தங்கமான மனிதராக இருப்பார், இரவு ஷிஃப்ட்டில் இருப்பவர் கத்தாமல் ஒரு புல்லட்டினும் போகாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது, ஒவ்வொரு டெஸ்க்கும் தனித்தனி அடுப்பில் வேகிறது. 2025 ஏப்ரலில் பிபிசி தன் பணிச்சூழல் பற்றி வெளியாட்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவைப் பாருங்கள்: நிறுவனம் முழுக்க நச்சுக் கலாசாரம் இருப்பதாகச் சொல்ல முடியாது, ஆனால் சிலருடைய நடத்தை மோசமாக இருக்கிறது, அதை நிர்வாகம் தட்டிக்கேட்பதில்லை என்று வந்தது. மொத்த சராசரியை வைத்துப் பார்த்தால் நல்ல இடம்தான். அந்தச் சிலரில் ஒருவருக்குக் கீழே போய் உட்கார்ந்தவருக்கு அந்த சராசரியால் என்ன பயன்?

ஆகவே நீங்கள் தேட வேண்டிய கேள்வி "இந்த நிறுவனம் எப்படி?" என்பது இல்லை. யாருக்குக் கீழே, எந்த ஷிஃப்ட்டில், எந்த வேலைக்குப் போகிறேன், அந்த நாற்காலியில் முன்பு இருந்தவருக்கு என்ன ஆனது? இதற்கு விடை தேடுகிற மாதிரிதான் ரிவ்யூக்களையும் படிக்க வேண்டும்.

ரிவ்யூக்களைப் படிக்கும்போது

ஸ்டாரைப் பார்க்காதீர்கள். கோபத்தோடு வெளியேறியவர் தானாகவே வந்து எழுதுவார், எச்.ஆர். கேட்டுக்கொண்டதால் எழுதுபவரும் எழுதுவார், நடுவில் இருக்கிற பெரும்பாலானோர் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். 2008-ல் வந்த கிளாஸ்டோர் போன்ற தளங்கள் "நீ ஒன்று எழுதினால்தான் மற்றவர்கள் எழுதியதை முழுசாகப் படிக்கலாம்" என்று வைத்திருப்பதே இந்த நடுவில் இருப்பவர்களை இழுக்கத்தான். அப்படியும் முழுப் படம் கிடைப்பதில்லை.

ரிவ்யூக்களைத் தேதி வரிசையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் வரிசையாக ஐந்து ஸ்டார், எல்லாவற்றிலும் குறை என்ற இடத்தில் "எதுவும் இல்லை", பதவியின் பெயரும் இல்லை என்றால் யாரோ மீட்டிங் போட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குச் சற்று முன்னால் வந்த ரிவ்யூக்களைத் தேடிப் படியுங்கள், எதை மூடி மறைக்கப் பார்த்தார்கள் என்பது அங்கே இருக்கும். அப்புறம், தலைமை எடிட்டர் எப்போது மாறினார், நிறுவனம் எப்போது கைமாறியது என்பதையும் தேடிப் பாருங்கள். ஊடகத்தில் ஒரு எடிட்டர் மாறினால் ஆறே மாதத்தில் அலுவலகம் முழுக்க வேறு ஆட்கள் இருப்பார்கள், பழைய எடிட்டர் காலத்துப் புகழ்ச்சியும் திட்டும் அதோடு காலாவதி.

அடுத்து, பிரிவு வாரியாகப் பிரியுங்கள். நீங்கள் வீடியோ எடிட்டராகப் போகிறீர்கள் என்றால் மார்க்கெட்டிங் ஆட்கள் எழுதியதை ஒதுக்கிவிடலாம். ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாப் பிரிவையும் சேர்த்துப் பாருங்கள், அது சம்பளம் வருகிற தேதி. ஸ்ட்ரிங்கர்கள் (செய்திக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் செய்தியாளர்கள்), ஃப்ரீலான்சர்கள், ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் இந்தத் தளங்களில் அதிகம் எழுதுவதில்லை, அவர்களை யாரும் ஊழியர் என்று கணக்கில் எடுப்பதும் இல்லை. ஆனால் ஒரு ஊடக நிறுவனத்தில் பணம் இறுகினால் முதலில் நிற்பது அவர்களுடைய பணம்தான். ஒரு ஃப்ரீலான்சரைப் பிடித்து பில் கொடுத்து எத்தனை நாளில் காசு வந்தது என்று கேளுங்கள், அந்த ஒரு பதிலில் நிறுவனத்தின் நிதிநிலை தெரிந்துவிடும்.

எந்தப் புகாரை நம்புவது? "மேனேஜ்மென்ட் மோசம்", "ஆபீஸ் பாலிடிக்ஸ் அதிகம்" என்பதை எல்லா நிறுவனத்துக்கும் எழுதலாம், அதில் செய்தி ஒன்றும் இல்லை. "ரோஸ்டர் ஞாயிறு இரவு பதினோரு மணிக்குத்தான் வரும், திங்கள் காலை ஷிஃப்ட் உனக்கு என்று அப்போதுதான் தெரியும்" என்பது செய்தி. "வீக் ஆஃப் அன்றைக்கும் குரூப்பில் பதில் போடாவிட்டால் அப்ரைசலில் சொல்லிக்காட்டுவார்கள்" என்பது செய்தி. இப்படி நேரம், நடைமுறை, விளைவு மூன்றும் இருக்கிற புகார், வேறு வேறு ஆண்டுகளில் வேறு வேறு ஆட்களால் வேறு வேறு சொற்களில் வந்திருந்தால் தயங்காமல் நம்பலாம். புகழ்ச்சிக்கும் இதே அளவுகோல்தான். "குடும்பம் மாதிரி இருப்போம்" என்று ஐந்து பேர் எழுதுவதைவிட, "அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரண்டு வாரம் யாரும் போன் செய்யவில்லை, சம்பளமும் பிடிக்கவில்லை" என்று ஒருவர் எழுதியதற்கு நான் அதிக மதிப்பு கொடுப்பேன்.

"நிறையக் கற்றுக்கொள்ளலாம்" என்று திரும்பத் திரும்ப வருகிறதா? பெரும்பாலும் மூன்று பேர் வேலையை ஒருவர் செய்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். எழுதி, குரல் கொடுத்து, எடிட் செய்து, தம்ப்நெயிலும் போட்டு, சமூக ஊடகத்திலும் ஏற்றுவீர்கள். முதல் வேலையாக இருந்தால் இது உண்மையிலேயே லாபம், நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. பத்து வருட அனுபவத்தோடு போகிறவருக்கு இது வேறு கணக்கு. நிறுவனம் ரிவ்யூக்களுக்குப் போடுகிற பதிலையும் விடாதீர்கள். எல்லாப் புகாருக்கும் ஒரே வாசகத்தை ஒட்டியிருந்தால் உள்ளேயும் புகார்களுக்கு அதுதான் நடக்கும்.

வெளியே வந்தவர்களிடம் பேசும்போது

ரிவ்யூ படிப்பதில் பாதி வேலைதான் முடியும், மீதி ஆட்களிடம் பேசுவதில் இருக்கிறது. லிங்க்ட்இன்னில் அந்த நிறுவனத்தின் பெயரையும் உங்கள் பதவியையும் போட்டுத் தேடினால் அந்த வேலையில் இருந்தவர்கள் எத்தனை மாதம் தாக்குப்பிடித்தார்கள் என்பது ஓரளவு தெரியும். ஒரே பதவிக்கு மூன்று வருடத்தில் நான்கு பேர் வந்து போயிருந்தால் பதவியில்தான் கோளாறு. வெளியேறியவர்கள் எங்கே போனார்கள் என்பதும் முக்கியம். இன்னொரு ஊடகத்துக்குப் போனால் அது வழக்கமான நகர்வு, துறையையே விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள் அதிகம் என்றால் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

சமீபத்தில் வெளியே வந்தவர் ஒருவர், வெளியே வந்து இரண்டு வருடம் ஆனவர் ஒருவர் என்று பேசுங்கள். முதல் ஆளிடம் விவரம் கிடைக்கும், இரண்டாவது ஆளிடம் நிதானம் கிடைக்கும். "கம்பெனி எப்படி சார்?" என்று கேட்டால் "பரவாயில்லைங்க" என்றுதான் பதில் வரும், அதனால் நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக லீவு கேட்டு மறுத்தது எப்போது? ராத்திரி யார் கூப்பிடுவார்கள், எடுக்காவிட்டால் என்ன ஆகும்? நீங்கள் கொண்டுவந்த செய்தி யார் பைலைனில், அதாவது யார் பெயர் போட்டு, போனது? விளம்பரதாரர் போன் செய்து ஒரு செய்தியை எடுக்கச் சொன்னால் யார் முடிவெடுப்பார், உங்களிடம் காரணம் சொல்வாரா? கடைசிக் கேள்வியை நிறையப் பேர் கலாசாரக் கணக்கில் சேர்ப்பதில்லை. தன் செய்தி ஏன் போகவில்லை என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்தான் மெல்ல மெல்ல வேலையில் ஆர்வம் போய், யாரிடமும் சொல்லாமல் அடுத்த வேலை தேடுகிறார்.

பேசுபவர் எழுத்தில் தரத் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார், அல்லது இந்தத் துறை சின்னது என்று பயப்படுவார். இரண்டுமே நியாயமான காரணங்கள்.

ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் நான் இதைக் கேட்பேன்: தப்பு நடந்தால் என்ன செய்வார்கள்? ஊடகத்தில் தப்பு நடந்தே தீரும். பெயர் மாறும், படம் மாறும், இறந்தவர் எண்ணிக்கை மாறும், பிரேக்கிங் ஸ்க்ரோலில் எழுத்துப் பிழை போகும். நல்ல டெஸ்க்கில் முதலில் திருத்தம் போடுவார்கள், திருத்தம் போட்டதை வாசகருக்கும் சொல்வார்கள், அப்புறம் இது எந்தக் கட்டத்தில் நழுவியது, இரண்டாவது கண் ஏன் பார்க்கவில்லை என்று பேசுவார்கள். இரவு ஷிஃப்ட்டில் ஒரே ஆள்தான் இருந்தார் என்று தெரிந்தால் ரோஸ்டரை மாற்றுவார்கள். மோசமான டெஸ்க்கில் முதலில் ஸ்க்ரீன்ஷாட் வரும். அறுபது பேர் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில், பெயரோடு, கேள்விக்குறியோடு, சில சமயம் நள்ளிரவில். கீழே நான்கு பேர் கைகூப்பும் எமோஜி போடுவார்கள். அப்படி ஒரு இடத்தில் என்ன நடக்கும் என்றால், ஆட்கள் தப்பைக் குறைக்க மாட்டார்கள், மறைக்கத் தொடங்குவார்கள், சத்தமில்லாமல் இணையத்தில் திருத்திவிட்டுப் போவார்கள், சந்தேகம் வந்தாலும் கேட்க மாட்டார்கள். செய்தியின் தரமும் சேர்ந்தே கெடும். குரூப்பில் திட்டுவது கண்டிப்பான எடிட்டரின் அடையாளம் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கண்டிப்புக்குக் கூட்டம் தேவையில்லை, தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாலும் உறைக்கும்.

நேரக் கணக்கு

"செய்திக்கு நேரம் காலம் கிடையாது" என்ற வசனத்தை நேர்காணலிலேயே கேட்பீர்கள். தேர்தல் இரவில், பேரிடரில் அது சரிதான், யாரும் மறுக்கப்போவதில்லை. அடுத்த வாரம் என்ன நடக்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும்: காம்ப் ஆஃப் (கூடுதலாகச் செய்த வேலைக்கு ஈடான விடுமுறை) உண்மையில் கிடைக்குமா, கணக்கு வைப்பது யார், எப்போது காலாவதி ஆகும்? ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயில் 31 வயதுச் செய்தியாளர் ஒருவர் 2013 ஜூலையில் இதயச் செயலிழப்பால் இறந்தார். டோக்கியோவில் அடுத்தடுத்து இரண்டு தேர்தல்களைக் கவனித்து முடித்த கையோடு நடந்த மரணம், அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் அவர் செய்த கூடுதல் நேரம் மட்டும் 159 மணி. அதிக வேலையால் வந்த மரணம் என்று அரசின் தொழிலாளர் அலுவலகம் ஏற்றுக்கொண்ட பிறகும், நிறுவனம் அதை வெளியே சொன்னது 2017-ல்தான். அதிக வேலையின் கேடுகள் பற்றிச் செய்தி போடுகிற நிறுவனத்திலேயே இது நடந்தது.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதம் அதிகம் என்று வந்தது. ஒரு நாளைக்குப் பதினோரு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 55 வந்துவிடும், எத்தனை டெஸ்க்குகளில் இது சாதாரண வாரம் என்று எண்ணிப் பாருங்கள். பிரான்சில் 2017-லிருந்தே, வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பில் இல்லாமல் இருக்கும் உரிமை பற்றி ஐம்பது பேருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் ஊழியர்களோடு பேசியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. உங்கள் நாட்டில் என்ன விதி என்று சேருவதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

வீடியோ டெஸ்க்குக்கும் சமூக ஊடக டீமுக்கும் போகிறவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். விபத்து, போர், தற்கொலை பற்றிய கச்சா வீடியோக்களை யார் பார்த்துப் பிரிக்கிறார்கள், ஒரே ஆளா, மாற்றி மாற்றியா? அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 நோய்க் கையேடு, வேலை நிமித்தமாகத் திரும்பத் திரும்ப இப்படிப்பட்ட காட்சிகளைத் திரையில் பார்ப்பதும் பிடிஎஸ்டிக்கு (அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பு) காரணமாகலாம் என்று ஏற்றுக்கொள்கிறது. "மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்கிற மேனேஜர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, ஆனால் ரோஸ்டரில் அதற்கு இடம் ஒதுக்கிய மேனேஜர் இருக்கிற இடத்துக்குப் போங்கள்.

புகார் போனால் எங்கே போகும்

ஊடகத்தில் ஸ்டார்கள் உண்டு. திரையில் தெரிகிற முகம், ரேட்டிங் கொண்டுவருகிற குரல், முதலாளிக்கு நெருக்கமான எடிட்டர். புகார் அவர்கள் மேல் வந்தால் என்ன ஆகும் என்பதுதான் சோதனை, ஜூனியர் மேல் வருகிற புகாரை எல்லோரும் விசாரித்துவிடுவார்கள். ஃபாக்ஸ் நியூஸின் தலைவர் ரோஜர் எயில்ஸ் பாலியல் தொல்லைப் புகார்களால் 2016-லும், சிபிஎஸ்ஸின் தலைமைச் செயல் அதிகாரி லெஸ் மூன்வெஸ் 2018-லும் பதவி விலக நேர்ந்தது. அதில் எயில்ஸ் விஷயம் வெடித்தது முன்னாள் தொகுப்பாளர் ஒருவர் வெளியே போய் வழக்குப் போட்ட பிறகுதான். அதனால், உள்விசாரணைக் குழுவில் நிறுவனத்துக்கு வெளியே இருந்து யாராவது உண்டா என்று எச்.ஆரிடம் கேளுங்கள். பதில் தெரியாமல் விழித்தால் அதுவும் பதில்தான். வன்முறை, தொல்லை பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2019-ஆம் ஆண்டு 190-ஆவது உடன்படிக்கை பயிற்சியில் இருப்பவர்கள், இன்டர்ன்கள், வேலைக்கு விண்ணப்பித்தவர்கள் வரை எல்லோரையும் சேர்க்கிறது, வேலைப் பயணத்திலும் வேலை தொடர்பான மெசேஜ்களிலும் நடப்பதையும் சேர்க்கிறது. உங்கள் நாடு அதில் சேர்ந்திருக்கிறதோ இல்லையோ, ஒரு நிறுவனத்தின் கொள்கையைப் படிக்கும்போது அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

நேர்காணலும் ஒப்பந்தமும்

உங்களுக்கு நேரடி மேலாளராக வரப்போகிறவர் நேர்காணலில் இல்லையென்றால், அவரோடு பதினைந்து நிமிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். மறுத்தால் நான் போக மாட்டேன். அவரிடம் "இந்த இடம் ஏன் காலியாச்சு?" என்று கேட்டுவிட்டு, போனவரைப் பற்றி எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். உங்களிடம் அவர் பழகுவதைவிட, நடுவில் கதவைத் தட்டிக்கொண்டு வருகிற டிரெய்னியிடம் எப்படிப் பேசுகிறார் என்பது இன்னும் பயன்படும். எழுத்துத் தேர்வு என்று சொல்லி முழு ஸ்டோரி எழுதி வாங்கி அதைப் போட்டும் விடுகிற இடங்கள் உண்டு. இலவசமாக வேலை வாங்குவதை அன்றைக்கே தொடங்குகிறவர்கள் பிறகு நிறுத்துவதில்லை.

ஒப்பந்தத்தில் சம்பளத்தை எல்லோரும் பார்ப்பார்கள். நோட்டீஸ் பீரியட் இரண்டு பக்கமும் சமமா, பாண்ட் (இத்தனை காலம் விட்டுப் போக மாட்டேன் என்ற உறுதி) இருக்கிறதா, உங்கள் சொந்த சமூக ஊடகக் கணக்கில் என்ன எழுதலாம் என்று கட்டுப்பாடு உண்டா என்பதைப் பாருங்கள். ரிப்போர்ட்டர்களும் எடிட்டர்களும் கட்டாயம் கேட்க வேண்டியது, உங்கள் செய்திக்காக யாராவது அவதூறு வழக்குப் போட்டால் வக்கீல் செலவு யாருடையது என்பது. வேலையை விட்டுப் போன பிறகு சம்மன் வந்தால் என்ன என்றும் சேர்த்துக் கேளுங்கள். வழக்குகள் வருடக்கணக்கில் இழுக்கும், நீங்கள் அங்கேயே இருப்பீர்கள் என்று சொல்ல முடியாது. வாயால் "பார்த்துக்கலாம்" என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள், மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சேர்ந்த பிறகும், வெளியே வரும்போதும்

முதல் மூன்று மாதம் ஒரு சின்னக் குறிப்பு எழுதி வாருங்கள்: எந்த நாள், என்ன ஷிஃப்ட், எப்போது முடிந்தது, என்ன சொன்னார்கள். அலுவலக லேப்டாப்பில் வேண்டாம், உங்கள் சொந்த நோட்டில் எழுதுங்கள். அலுவலக ஆவணங்களை வீட்டு மெயிலுக்கு அனுப்பாதீர்கள், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அதை வைத்தே உங்களை மடக்குவார்கள். போனில் சொன்ன சிக்கலான உத்தரவுக்கு "நீங்கள் சொன்னபடி அந்தப் பகுதியை எடுத்துவிட்டேன்" என்று ஒரு வரி மெயில் போட்டுவிடுங்கள், சண்டைக்கு இல்லை, நாளைக்கு ஞாபகம் மாறும் என்பதற்கு. சம்பளத்தைப் பற்றிச் சக ஊழியர்களோடு பேசுவதற்குக் கூச்சப்படாதீர்கள். 2017-ல் பிபிசி தன் அதிகச் சம்பளக்காரர்களின் பட்டியலை வெளியிட நேர்ந்த பிறகுதான் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இருந்த இடைவெளி எல்லோர் கண்ணிலும் பட்டது, அடுத்த ஜனவரியில் அதன் சீனா எடிட்டர் கேரி கிரேசி அந்த இடைவெளியை எதிர்த்துப் பதவியை விட்டு விலகினார்.

வெளியே வரும்போது நீங்களும் ஒரு ரிவ்யூ எழுதுங்கள், ஆனால் கடைசி நாள் இரவில் எழுதாதீர்கள், இரண்டு மூன்று மாதம் போகட்டும். பெயர் போடாமல், நேரம், நடைமுறை, விளைவு என்று எழுதுங்கள், நல்லதாக நடந்த ஒன்றிரண்டையும் சேருங்கள், படிப்பவர் நம்புவதற்கு அது உதவும். பெயர் தெரியாது என்ற தைரியத்தில் நிரூபிக்க முடியாததை எழுத வேண்டாம். நியூசிலாந்தில் தொடங்கப்பட்ட ஒரு பொம்மை நிறுவனம் கேட்டதன் பேரில், அந்த நிறுவனத்தைத் திட்டி எழுதியவர்களின் விவரத்தைக் கொடுக்கும்படி 2022-ல் அமெரிக்க நீதிமன்றம் கிளாஸ்டோருக்கு உத்தரவிட்டது. நான்கு பேர் இருக்கிற டெஸ்க் என்றால் நீதிமன்றம்கூட வேண்டாம், நீங்கள் வழக்கமாகப் போடும் ஒரு வார்த்தையை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். பதவியைப் பொதுவாகப் போடுங்கள், சேர்ந்த மாதத்தையும் விட்ட மாதத்தையும் போடாமல் ஆண்டை மட்டும் போடுங்கள், அனுப்புவதற்கு முன் அந்த டெஸ்க்கில் இல்லாத நண்பர் ஒருவரிடம் காட்டி, இதில் என்னை அடையாளம் காட்டுவது எது என்று கேளுங்கள்.